பழைய மாணவியர் சங்கம்: வாட்ஸ்அப் குழு நிரம்பிவிட்டது, ஜனவரி ஒன்றுகூடலும் நின்றுபோனது. இனி எப்படி?

தாமிரபரணி86 கேட்டது, ஜூன் 2021

தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பழைய மாணவியர் சங்கத்துக்காகக் கேட்கிறேன். வருடா வருடம் ஜனவரியில் பள்ளி வளாகத்தில் கூடுவது வழக்கம். கொரோனாவால் இந்த ஜனவரி நடக்கவில்லை, அடுத்ததும் சந்தேகம்தான்.

கையில் இருப்பது: பழைய நீள நோட்டில் சுமார் 1,400 பெயர். இன்றைக்கு அடித்தால் எடுக்கிற எண் 500 தேறினால் அதிகம். வாட்ஸ்அப் குழு 256 பேரோடு (2021 நிலவரப்படி அதுதான் எல்லை) நிரம்பிவிட்டது, இரண்டாவது குழுவும் நிரம்பப் போகிறது. காலை வணக்கப் பூப்படம், கபசுரக் குடிநீர் குறிப்பு, நடுவில் ஒருவருடைய கணவர் இறந்த செய்தி, அதற்கு அடுத்த வரியிலேயே இன்னொருவருக்குப் பிறந்தநாள் கேக். பாதிப் பேர் மியூட்டில் போட்டுவிட்டார்கள்.

தெரிய வேண்டியவை: குழுக்களை எப்படிப் பிரிப்பது? ஸ்மார்ட்போன் இல்லாத மூத்தவர்களை எப்படிப் பிடித்துவைப்பது? ஜூமில் ஒன்றுகூடல் நடத்தினால் என்னென்ன சொதப்பும்? மாணவிகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போன் வாங்கித் தர வெளிநாட்டுத் தோழிகள் பணம் அனுப்புகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா? தேர்வே எழுதாமல் வெளியே போகிற இந்த வருட ப்ளஸ் டூ பெண்களை எப்படிச் சேர்ப்பது?

---

பதிவேட்டுக்காரி

குழு இருக்கட்டும், முதலில் அந்த நீள நோட்டை எடுங்க. பெண்கள் பள்ளிப் பட்டியலில் ஆள் தொலைவது பெரும்பாலும் இனிஷியலில்தான். பள்ளியில் ஆர். விஜயலட்சுமி, கல்யாணத்துக்குப் பிறகு எஸ். விஜயலட்சுமி, போனில் ‘விஜி’, அந்த எண்ணும் கணவர் பெயரில். ஒரே வருடத்தில் நாலு விஜயலட்சுமி இருந்தால் கதை முடிந்தது.

எக்செல் தாளில் இந்தக் கட்டங்கள் போதும்: பள்ளிக்கால இனிஷியலோடு பெயர், இப்போதைய பெயர், பிரிவு, ஆண்டு, எண், அந்த எண் யாருடையது (அவருடையதா, கணவரா, மகனா), பேச ஏற்ற நேரம், ஊர், கடைசியாகப் பேசிய தேதி, பேசியவர். பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு முறை எழுதுங்க. ஆங்கில எழுத்தில் மட்டும் வைத்தால் ஒரே லட்சுமிக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டல் வரும், தேடினால் அகப்படாது.

‘ஆண்டு’ என்றால் எது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யணும். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது 1978இல். அதற்கு முன் பதினோராம் வகுப்பு எஸ்எஸ்எல்சி, பிறகு கல்லூரியில் பியுசி (புகுமுக வகுப்பு). ஆகவே ‘எந்த வருடம் முடிச்சீங்க’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் குழம்பும். பழையவர்களுக்கு எஸ்எஸ்எல்சி எழுதிய ஆண்டு, மற்றவர்களுக்குப் பத்தாம் வகுப்பு எழுதிய ஆண்டு என்று வையுங்க. எட்டாவதோடு நிறுத்தப்பட்ட பெண்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர்களுக்குப் பத்தாவது எழுதியிருக்க வேண்டிய ஆண்டைப் போடுங்க. தேர்ச்சிப் பட்டியலை மட்டும் வைத்துச் சங்கம் கட்டினால் இவர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். ஆனால் அந்த வகுப்பில் எல்லாருக்கும் நன்றாக ஞாபகம் இருப்பதே இவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

விட்டுப்போன பெயர்களை எடுக்க நல்ல வழி, வருகைப் பதிவேட்டில் டீச்சர் பெயர் கூப்பிட்ட வரிசை. முப்பது வருடம் கழித்தும் தனக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பிரிவில் பத்துப் பேரிடம் கேட்டாலே 40 பெயர் வரிசை கிட்டத்தட்ட நிரம்பிவிடும்.

அழைப்பது: ஒரு பிரிவுக்கு மூன்று அல்லது நான்கு பேர், ஆளுக்கு 12 பெயர். 15க்கு மேல் கொடுத்தால் முதல் வாரத்தோடு கைவிட்டுவிடுவார்கள். காலையில் அழைக்காதீங்க, வீட்டில் இருக்கிற ஒரே போன் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் இருக்கும். மூன்றரையிலிருந்து ஐந்து வரை தோது. வேறு யாராவது எடுத்தால் ‘சங்கத்திலிருந்து பேசுறோம்’ என்று ஆரம்பிக்காதீங்க, நன்கொடை கேட்கிறார்கள் என்று வைத்துவிடுவார்கள். பள்ளியின் பெயர், ‘பத்தாவது பி பிரிவு, 86’, உங்கள் பெயர், இந்த வரிசையில் சொல்லுங்க. இன்னொருத்தி எண் கேட்டால் உடனே வாங்கிக்கொள்ளாமல், ‘அவளைக் கேட்டுட்டுக் கொடு’ என்று சொல்லுங்க. கேட்காமல் கொடுத்த எண்ணால் வீட்டில் பிரச்சினை ஆன பெண், பிறகு எந்தக் குழுவுக்கும் வரமாட்டார்.

மூத்தவர்களுக்கு: சாதாரண பட்டன் போனிலேயே கான்ஃபரன்ஸ் கால் போடலாம். ஒருவரை அழைத்துப் பேசும்போதே அவரைக் காக்கவைத்து, அடுத்தவரை அழைத்து, இரண்டையும் இணைப்பது. இப்படி அதிகபட்சம் ஐந்து பேரைச் சேர்க்கலாம். மூன்று பேரோடு நிறுத்துவது நல்லது. காது மந்தமானவர் ஒருவர் இருந்தால், நாலாவது குரல் வந்ததுமே யார் பேசுவது என்று பிடிபடாது. சேர்க்கும் வேலை இளைய ஒருத்தியிடம் இருக்கட்டும். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், அரை மணி. கிழமை மாறினால் போனைக் கையில் வைத்துக் காத்திருப்பவர்கள் ஏமாந்து போவார்கள். லேண்ட்லைன் எண்களை நோட்டிலிருந்து நீக்கிவிடாதீங்க. பல வீடுகளில் அந்த வயதினருக்கு இன்னும் அதுதான் எண்.

---

அட்மின்_மூன்றுபேர்

256ஐ நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 256 பேரும் பேசுகிற குழு என்று ஒன்று கிடையவே கிடையாது. பேசுவது 15 பேர், மற்றவர்கள் பார்வையாளர்கள். பிரிவு வாரியாக 20 முதல் 40 பேர் உள்ள குழுக்கள்தான் உயிரோடு இருக்கும், ஏனென்றால் அங்கே ஒருவர் இரண்டு வாரம் வாய் திறக்காவிட்டால் யாராவது கவனிப்பார்கள்.

இப்போதுள்ள இரண்டு பெரிய குழுக்களையும் கலைக்காதீங்க. செட்டிங்கில் ‘அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்று மாற்றி அறிவிப்புப் பலகை ஆக்கிவிடுங்க. வாரத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். மாற்றுவதற்கு மூன்று நாள் முன்பே, பேசுவதற்குப் பிரிவுக் குழு எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கணும். இல்லையென்றால் ‘எங்க வாயை அடைச்சுட்டாங்க’ என்று ஒரு சண்டை நிச்சயம்.

ப்ராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) போடலாமே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். 256 பேருக்கு அனுப்பியதாக உங்களுக்குக் காட்டும், பாதிப் பேருக்கு ஒற்றை டிக்கோடு நிற்கும்.

அட்மின் குறைந்தது மூன்று பேர். ஒரே அட்மின் குழுவிலிருந்து வெளியேறினால் வாட்ஸ்அப் வேறொருவரை அட்மின் ஆக்கிவிடும். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாலோ போன் தொலைந்தாலோ அப்படி எதுவும் நடக்காது, குழு பூட்டிய வீடு மாதிரி கிடக்கும்.

சேரும் லிங்க்கை ஃபேஸ்புக் பக்கத்தில் போடவே கூடாது. லிங்க் கிடைத்த யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து 256 பெண்களின் எண்ணையும் படத்தையும் பார்க்கலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே ‘ரீசெட் லிங்க்’ அழுத்துங்க, பழையது செத்துவிடும். புதிதாக வருபவரை ஒரு அட்மின் தனியாகப் பேசி, வகுப்பாசிரியர் யார், எந்தப் பிரிவு என்று கேட்டபின் சேர்க்கணும். கணக்கு டீச்சருக்கு வைத்த பட்டப்பெயர் தெரிந்திருந்தால் ஆதாரைவிட நல்ல அத்தாட்சி.

இறப்புச் செய்திக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். குடும்பத்தில் ஒருவரிடம் அட்மின் பேசி உறுதி செய்தபின், பெயர், ஆண்டு, பிரிவு, யார் இறந்தது, யாருக்கு ஆறுதல் சொல்லலாம், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று ஒரே செய்தி. இருநூறு கும்பிடு ஸ்டிக்கர் வேண்டாம். பிரிவுத் தோழிகள் ஐந்து பேர் முறை வைத்துப் பேசினால் போதும். முதல் நாள் எல்லோரும் அழைப்பார்கள், பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒருவரும் அழைக்கமாட்டார்கள். ஆகவே 20ஆம் நாள், 40ஆம் நாள் என்று தாளில் தேதி குறித்து வையுங்க. தொற்றில் போனவர் வீட்டுக்கு யாரும் போய் உட்கார முடியவில்லை, இறுதிச் சடங்குக்கே ஆள் சேரவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு 40ஆம் நாள் வருகிற போன் பெரிய விஷயம்.

படுக்கை, ஆக்சிஜன் உதவிக்குத் தனிக் குழு, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றிய எண்களில் பலவும் பழையவை அல்லது எடுக்காதவை. அதனால் யார் எதைப் பகிர்ந்தாலும், ஒருவர் தானே அழைத்துப் பார்த்து ‘சரிபார்த்தது, காலை 10.20’ என்று நேரம் போட்டபின்தான் மேலே போகணும். கேட்பவர் தர வேண்டியது: நோயாளி பெயர், வயது, ஆக்சிஜன் அளவு, எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறார், கூட இருப்பவர் எண். ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் குழுவில் வேண்டாம். வேலை முடிந்ததும் செய்தியை அழித்துவிடுங்க. இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்தும் அந்த வீட்டுக்கு ‘பெட் கிடைச்சுதா’ என்று போன் வரும், அதற்குள் என்ன ஆகியிருக்குமோ. 104 (மருத்துவ ஆலோசனை), 108 (ஆம்புலன்ஸ்) இரண்டையும் குழு விவரத்தில் எழுதி வையுங்க. பெண்களுக்கான 181ஐயும் சேர்த்து எழுதுங்க. ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே அடிபடுகிறவர் குழுவில் வந்து சொல்லமாட்டார், அந்த எண்ணைப் பார்ப்பார்.

---

தாமிரபரணி86

ரொம்ப நன்றி. லிங்க்கை இப்போதே மாற்றிவிட்டேன், ஃபேஸ்புக்கில் ஏழு மாதமாகக் கிடந்திருக்கிறது! ஜூம் பற்றி யாராவது சொல்லுங்களேன். 150 பேர் வரலாம், ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர்.

---

மியூட்டில்_இருக்கீங்க

ஜூம் இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மட்டும் ப்ரோ என்ற கட்டணத் திட்டம் வாங்கினால் 40 நிமிடத் தடை போகும், ஆனால் 100 என்ற எண்ணிக்கை மாறாது. 150க்கு லார்ஜ் மீட்டிங் என்ற கூடுதல் கட்டணம் தனி. கூகுள் மீட்டிலும் இலவசம் 100 பேர்தான், நேரத் தாராளம் இந்த 2021 ஜூன் வரைக்கும் என்றே சொல்லியிருக்கிறார்கள். என் யோசனை, 150 பேரை ஒரே நாளில் கூட்டாதீங்க. பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்து இரண்டு சனிக்கிழமை வையுங்க. திரையில் 150 சின்னக் கட்டத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

நடத்துபவர் போனில் அல்ல, கணினியில் இருக்கணும். பிரேக் அவுட் அறைகளை (கூட்டத்தைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிப்பது) போனிலிருந்து திறக்க முடியாது. கோ-ஹோஸ்ட் (கூட இருந்து நடத்துபவர்) வசதியும் ப்ரோவில்தான் உண்டு. அது முக்கியம், ஏனென்றால் உங்கள் தெருவில் கரண்ட் போனால் கூட்டத்தை இன்னொருவர் கையில் எடுக்கணும். அந்தக் கோ-ஹோஸ்ட் வேறு ஊரில் இருக்கட்டும். இரண்டு பேரும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து பிரயோஜனம் இல்லை.

ஒரு மணி நேர வீடியோவுக்கு ஒரு ஜிபி அளவுக்குப் போகும். நாளுக்கு ஒன்றரை ஜிபி போட்டிருப்பவர், காலையில் மகன் வகுப்பு முடித்த போனில் மாலை ஏழு மணிக்கு வந்தால் பாதியில் அறுந்துபோவார். பேசாத நேரம் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்க.

முதல் இருபது நிமிடம் எல்லாக் கூட்டத்திலும் ஒரே கூத்து: ‘எனக்குச் சத்தமே கேக்கலை’. ஆண்ட்ராய்டில் உள்ளே நுழைந்ததும் ஆடியோவுக்குத் தனியாக ஒரு முறை ‘வைஃபை அல்லது செல்லுலார்’ என்பதை அழுத்தணும், அதை விட்டுவிடுவார்கள். அதனால் முந்தின வியாழன் அரை மணி ஒத்திகை வையுங்க, ஆசிரியர்களுக்குக் கட்டாயம். டீச்சர் பக்கத்தில் பேத்தியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்க. வருகிற ஒவ்வொருவரும் பெயரை ‘விஜயலட்சுமி ஆர் 86 பி’ என்று மாற்றிக்கொள்ளணும். மகன் போனில் வருபவர் ‘ஹரிஷ் ரெட்மி’ என்று காத்திருப்பு அறையில் நிற்பார், யாரென்று தெரியாமல் நீங்கள் உள்ளே விடமாட்டீர்கள்.

பள்ளிப் பாட்டை எல்லோரும் சேர்ந்து பாட முயலாதீங்க. ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வரும், ஒரே இரைச்சலாகிவிடும். ஒருவர் பாடட்டும், மற்றவர்கள் மியூட்டில் வாயசைத்துப் பாடட்டும். அவரவர் வீட்டில் அவரவருக்குக் கேட்கும், அது போதும். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பதிவிலிருந்து போடுவதானால் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது கீழே ‘ஷேர் சவுண்ட்’ கட்டத்தை டிக் செய்யணும். மறந்தால் படம் ஓடும், சத்தம் வராது.

நிகழ்ச்சி 75 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வரவேற்பு 5, மறைந்தவர்கள் பெயர் வாசிப்பு 5, ஆசிரியர்கள் ஆளுக்கு 3 நிமிடம், பிறகு நேரே பிரிவு அறைகள் 30 நிமிடம். அந்த 30 நிமிடத்துக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். செயலாளர் அறிக்கையை எழுதி அனுப்பிவிடுங்க, வாசிக்காதீங்க. ஆசிரியர்களை அறை அறையாக மாற்றி அனுப்பும் வேலைக்கு ஒருவர் தனியாக வேண்டும். இல்லையென்றால் தமிழ் டீச்சர் ஓர் அறையில் மாட்டிக்கொள்வார், மற்ற அறைகள் காத்திருக்கும்.

---

வலிகாமம்_ஓஜிஏ

யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலைகளின் பழைய மாணவிகள் சங்கங்களுக்கு லண்டன், டொரொன்டோ, சிட்னி என்று கிளைகள் இருப்பதால் இந்த ‘தூர இருந்து கதைக்கிறது’ கொரோனாவுக்கு முன்னமே பழகின விசயம். நேரம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சென்னை, யாழ்ப்பாண நேரம் மாலை 7 மணி என்றால், இந்த ஜூன் மாதத்தில் லண்டனில் பிற்பகல் 2.30, டொரொன்டோவில் காலை 9.30, சிங்கப்பூரில் இரவு 9.30, சிட்னியில் இரவு 11.30. அவுஸ்திரேலியா ஆக்கள் வரமாட்டினம். மாலை 4 மணிக்கு வைத்தால் சிட்னி 8.30, லண்டன் 11.30, ஆனால் டொரொன்டோவில் காலை 6.30. எல்லாருக்கும் பொருந்துகிற நேரம் இல்லை. ஒரு முறை 4, அடுத்த முறை 7 என்று மாறி மாறி வையுங்கோ. அறிவித்தலில் நான்கு ஊர் நேரத்தையும் எழுதுங்கோ, ‘இந்திய நேரம்’ என்று மட்டும் போட்டால் யாரோ ஒராள் ஒரு மணித்தியாலம் பிந்தி வருவா. அக்டோபர், நவம்பரில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள், பழைய அறிவித்தலை அப்படியே திரும்ப அனுப்பக் கூடாது.

மேலே சொன்ன ‘எழுதியிருக்க வேண்டிய ஆண்டு’ போல ஒன்று எங்களுக்கும் தேவை, வேறு காரணத்துக்கு. 1995 அக்டோபர் கடைசியில் போரால் வலிகாமமே (யாழ் குடாநாட்டின் ஒரு பகுதி) இடம்பெயர்ந்தபோது வகுப்புகள் அப்படியே உடைந்தன. சாதாரண தரம் (உங்கள் பத்தாவது மாதிரி) ஓரிடத்தில், உயர் தரம் (ப்ளஸ் டூ மாதிரி) வேறிடத்தில், சிலர் நேரே வெளிநாடு. ஆகவே எங்கள் பக்கத்துக்கு ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டுதான் பொருந்தும்.

---

ஐந்தொகை

பணம் பற்றி. வெளிநாட்டிலிருந்து வருவதில் இரண்டு வகை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தோழி தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டு, நகல் வாங்கிய பிறகு கணக்கு எண்ணைக் கொடுங்க. பள்ளி நிர்வாகத்துக்கு எஃப்சிஆர்ஏ இருந்தால் நேரே அவர்களுக்கு அனுப்பச் சொல்லலாம். ஆனால் 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் அந்தப் பணத்தை உங்கள் சங்கத்துக்கு மாற்றித் தர முடியாது, அவர்களே செலவழிக்கணும்.

செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வசூல் செய்யவே வேண்டாம், உங்கள் வருமானத்தோடு கலந்துவிடும். 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெற) தருவதானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துக்கு வரிச்சலுகை கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்க. பதிவு செய்த சங்கமென்றால் ஆண்டுப் பொதுக்குழு வேறு, ஒன்றுகூடல் வேறு. ஜூமில் நடத்திய ஒன்றுகூடலைப் பொதுக்குழு என்று மினிட்ஸில் எழுதும் முன் பைலாவையும் ஆடிட்டரையும் பாருங்க.

போன் வாங்குவது பற்றி ஒன்று. புதுப் போன் வாங்கும் முன், எத்தனை பேருக்குப் போன் இல்லை, எத்தனை பேருக்கு ரீசார்ஜ் இல்லை என்று வகுப்பாசிரியரிடம் தனித்தனியாகக் கேளுங்க. 84 நாள் ரீசார்ஜ் போட்டாலே போதும் என்ற வீடுகள் நிறைய இருக்கும். பழைய போன் நன்கொடையாக வந்தால், கொடுப்பவர் தன் ஜிமெயில் கணக்கை நீக்கிவிட்டு அதன்பிறகு ரீசெட் செய்யணும். நீக்காமல் ரீசெட் செய்தால் பழைய பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும், பிள்ளை கையில் செங்கல்தான். சார்ஜரும் சேர்த்து வாங்குங்க. ரேம் 2 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம்.

---

பதிவேட்டுக்காரி

விட்டுப்போன கேள்வி, இந்த வருட ப்ளஸ் டூ. ஜூன் 5ஆம் தேதி தேர்வு ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். ஆண்டுவிழா, பிரியாவிடை விழா, குரூப் போட்டோ எதுவும் இருக்காது. மதிப்பெண் சான்றிதழும் டிசியும் வாங்க எப்படியும் பள்ளிக்கு வருவார்கள், அந்த நாளைப் பிடியுங்க. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, அலுவலக வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, இரண்டு பேர். பள்ளியின் இஎம்ஐஎஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு) பட்டியலைக் கேட்காதீங்க. அதைப் பள்ளி தரவும் கூடாது, அதில் இருப்பது பெரும்பாலும் அப்பா எண்தான். அந்தப் பெண்ணின் கையாலேயே பெயர், தன் எண் அல்லது மின்னஞ்சல், அடுத்து எங்கே சேரப் போகிறாள் என்று எழுதி வாங்குங்க. 18 ஆகாதவர்களை நேரே அக்காமார் குழுவில் தூக்கிப் போடாமல், அவர்களுக்கென்று தனிக் குழு, அட்மின் அவர்கள் வகுப்பிலேயே இருவர், உங்கள் பக்கம் ஒருவர். கல்லூரி விண்ணப்பச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தால் அந்தக் குழு நிற்கும், இல்லையென்றால் ஆகஸ்டில் காலி.

குரூப் போட்டோவுக்கு: சான்றிதழ் வாங்க வருகிறவளைப் பள்ளி மரத்தடியில் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் நிறுத்தித் தனித்தனியாக எடுங்க. தரையில் சுண்ணாம்பால் ஒரு குறி, கேமரா ஸ்டாண்டுக்கு ஒரு குறி. வரிசைப்படி ஒட்டிச் சேர்ப்பதை ஊர் ஸ்டுடியோக்காரரே செய்து தருவார். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுத்துவிடுங்க, அதற்குமேல் நிழல் திசை மாறி ஒட்டியது தெரிந்துவிடும்.